விளக்குக் கம்பத்தில் கட்டிய தாள்: லண்டன் புறநகரில் சாலை மாற்றங்களுக்குப் பதில் எழுதுவது எப்படி

லண்டன் புறநகரில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் ஏ4 தாள், கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். இரண்டு மழை பெய்தால் உள்ளே தண்ணீர் இறங்கி மை கலங்கிவிடும். எழுத்தோ பொடி எழுத்து. முதல் பத்தி முழுக்கச் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும். யார் நின்று படிப்பார்கள்?

ஆனால் வீட்டு வாசலில் டபுள் மஞ்சள் கோடு வருவதைப் பற்றியோ, பெர்மிட் இல்லாமல் கார் நிறுத்த முடியாமல் போவதைப் பற்றியோ சட்டப்படி ஆட்சேபணை சொல்ல நமக்கு இருக்கிற உரிமை அந்தத் தாளில்தான் இருக்கிறது. லெட்டர் பாக்ஸில் விழும் வண்ணத் துண்டுப் பிரசுரத்துக்கு அந்தப் பலம் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் நம்மவர்கள் பலர் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், சாலை யாருடையது என்று பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட பெரிய சாலைகள் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் கையில் இருக்கின்றன. அவை லண்டன் சாலைகளில் சுமார் 5 சதவீதம்தான். மற்ற தெருக்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தந்த பரோ கவுன்சிலின் பொறுப்பு. ஹாரோவில் இருந்தால் ஹாரோ கவுன்சில், அல்பெர்ட்டனில் இருந்தால் பிரென்ட், ஈஸ்ட் ஹாமில் இருந்தால் நியூஹாம். கடிதம் தவறான இடத்துக்குப் போனால் நாட்கள்தான் வீணாகும்.

இரண்டு முறை கேட்பார்கள்

பார்க்கிங், மஞ்சள் கோடு, ஒருவழிப் பாதை, கார் போக முடியாதபடி தெருவை அடைப்பது போன்ற மாற்றங்களுக்கு கவுன்சில் ‘டிராஃபிக் ஆர்டர்’ என்ற சட்ட உத்தரவு போட வேண்டும். 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. 1996-இல் வந்த விதிகள் நடைமுறையைச் சொல்கின்றன.

பெரும்பாலான கவுன்சில்கள் உத்தரவுக்கு முன்னாலேயே ஒரு தடவை மக்களிடம் கருத்துக் கேட்கும். துண்டுப் பிரசுரம், ஆன்லைன் படிவம், நூலகத்தில் வரைபடக் கண்காட்சி எல்லாம் இந்தக் கட்டம்தான். திட்டம் இன்னும் இளகிய நிலையில் இருப்பதால் இங்கே சொல்கிற யோசனை எளிதில் ஏறும். கட்டாயம் பதில் போடுங்கள். ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

சில மாதம் கழித்து இரண்டாம் கட்டம் வரும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அரசிதழான லண்டன் கெஸட்டிலும் அறிவிப்பு வெளியாகும், கம்பத்தில் தாள் ஏறும். இதுதான் சட்டபூர்வமான கட்டம். அறிவிப்பிலிருந்து குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கான காரணம் சொல்லப்பட்டிருக்க வேண்டும், தாளில் உள்ள முகவரிக்குக் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் கட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும், இரண்டாம் கட்டத்தில் எழுதாவிட்டால் சட்டத்தின் கணக்கில் நீங்கள் ஆட்சேபணை செய்தவர் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

கம்பத் தாளைக் கண்டால் உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் எடுத்தால் நல்லது. அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து உத்தரவின் வரைவு, வரைபடம், காரண அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்கலாம். மக்கள் பார்வைக்கு அவற்றை வைத்திருக்க வேண்டியது கவுன்சிலின் கடமை. மூன்றில் முதலில் படிக்க வேண்டியது காரண அறிக்கை. ‘எதற்காக இந்த மாற்றம்’ என்பதை கவுன்சில் தன் வாயால் சொல்வது அதில்தான்.

யார் எழுதலாம்?

யாரும் எழுதலாம். ‘நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், எங்களுக்கு என்ன உரிமை’ என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விதியில் இருப்பது ‘எந்த நபரும்’ என்ற சொல். சொந்த வீடு வேண்டாம், ஓட்டுரிமை வேண்டாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டாம். படிக்க வந்த மாணவர், அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மம்மா, யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கடிதம் எழுதலாம். ஆங்கிலம் வராதென்றால் மொழிபெயர்ப்பு உதவி உண்டா என்று கவுன்சிலுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தட்டித் தருவார்கள்.

கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கடை ஆகியவை அமைப்பாகவே எழுதலாம், எழுதவும் வேண்டும். மேற்கு ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் கோயில் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் தேர் வீதிக்கு வரும். இப்படித் தேர் ஓடும் தெருவில் நடுத்திட்டு ஒன்று வைக்க வரைபடம் போட்டால், தேரின் அகலம் எத்தனை அடி என்பது வரைந்த எஞ்சினியருக்கு எங்கே தெரியும்? கோயில் நிர்வாகம் அளந்து எழுதினால்தான் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை எத்தனை பேர் வருகிறார்கள், அதில் நடக்க முடியாத வயதானவர்கள் எத்தனை பேர் என்பதும் அப்படித்தான்.

இது ஓட்டெடுப்பு இல்லை

வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாசகத்தைப் பரப்பி, ‘எல்லாரும் இதை அனுப்புங்கள்’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. 200 பேர் ஒரே வரியை அனுப்பினாலும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான். அதிகாரி அதற்கு ஒரே ஒரு பதில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்பது கவுன்சிலர்களின் மனதைத் தொடலாம், ஆனால் சட்டம் அவர்களைப் பெரும்பான்மைக்குக் கட்டுப்படுத்தவில்லை. வந்த காரணங்களைப் பரிசீலிக்கத்தான் சொல்கிறது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். சைக்கிள் ஹேங்கர் ஒன்று வைக்கத் திட்டம் வந்தது. அரைக் கார் நிற்கும் இடத்தில் ஆறு சைக்கிளைப் பூட்டி வைக்கலாம், நல்ல விஷயம். ஆனால் வரைபடத்தில் அது பக்கத்து வீட்டு அக்காவின் வாசலுக்கு நேரே இருந்தது. அவருடைய அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வண்டி வந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து லிஃப்டை இறக்கி ஏற்றும். அக்கா திட்டத்தை எதிர்க்கவில்லை. வண்டி வரும் நாட்களையும் நேரத்தையும் எழுதினார், லிஃப்ட் இறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று டேப் வைத்து அளந்து எழுதினார், லிஃப்ட் இறங்கி நிற்கும்போது ஒரு படம் எடுத்து இணைத்தார். இரண்டு வீடு தள்ளி வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று முடித்தார். அரைப் பக்கம்தான். ஹேங்கர் இன்று இரண்டு வீடு தள்ளித்தான் நிற்கிறது.

அந்தக் கடிதம் எடுபட்டதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. 1984 சட்டத்தின் 122-ஆம் பிரிவு, நடப்பவர்கள் உட்பட எல்லாருடைய போக்குவரத்தும் தடையின்றிப் பாதுகாப்பாக நடக்கவும், போதிய பார்க்கிங் இருக்கவும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. வீடு, கடைகளுக்குப் போய்வர வழி, அப்பகுதியின் வாழ்க்கைச் சூழல், காற்றின் தரம், பஸ் போக்குவரத்து ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது. 2010 சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் போன்றோருக்கு என்ன பாதிப்பு என்று யோசித்துப் பார்ப்பதைக் கவுன்சிலின் கடமையாக்குகிறது. உங்கள் கடிதம் இவற்றில் ஒன்றைத் தொட்டால் அதிகாரி அதைத் தாண்டிப் போவது கஷ்டம். ‘வீட்டு விலை குறைந்துவிடும்’, ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் ஒரு வரியில் தாண்டிவிடலாம்.

பெர்மிட் கட்டணத்தைப் பற்றி எழுதும்போதும் சட்டம் கைகொடுக்கும். பார்னெட் கவுன்சில் வீட்டுக்காரர்களின் முதல் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் வவுச்சரை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் உயர்த்தியது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உயர்வு சட்டவிரோதம் என்றது. போக்குவரத்தைச் சீர்ப்படுத்துவதற்கான சட்டத்தைப் பணம் திரட்டப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் காரணம். உபரி வந்தால் சாலை, பஸ் சலுகை போன்றவற்றுக்குச் செலவிடலாம். உபரி வேண்டும் என்பதற்காகவே விலையை ஏற்றக் கூடாது.

சி.பி.இசட்., அதாவது குறிப்பிட்ட நேரத்தில் பெர்மிட் இல்லாமல் கார் நிறுத்த முடியாத பகுதி, வருகிறது என்றால் நேரத்தைக் கவனியுங்கள். ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் காரை நாள் முழுக்க விட்டுப் போவதுதான் பிரச்சினை என்றால், பகலில் ஒரே ஒரு மணி நேரம் கட்டுப்பாடு வைத்தாலே போதும். வெளி லண்டனில் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. காலை முதல் மாலை வரை எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. சொந்தக்காரர்கள் வந்து போகிற வீடுகளுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

சைக்கிள் பாதை மட்டும் கொஞ்சம் வேறு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-க்குப் பிறகு, சாலையில் முழு வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிளுக்கு ஒதுக்க டிராஃபிக் ஆர்டர் தேவையில்லை. ஜீப்ரா கிராசிங்குக்கும் வேகத்தடைக்கும் நடைமுறை வேறு, அறிவிப்புகள் வேறு. ஆகவே சைக்கிள் திட்டத்தில், பார்க்கிங் இடத்தை எடுப்பதற்கு மட்டும் கம்பத் தாள் வந்து, பாதைக்கு வராமல் போகலாம். அப்போது முதல் கட்டக் கருத்துக் கேட்புதான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு.

பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போக வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன். ஆகவே சைக்கிள் பாதை வேண்டும் என்பவர்களும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆதரவுக் கடிதம் எழுதும் பழக்கமே நம்மிடம் இல்லை. வெறுமனே ‘ஆதரிக்கிறேன்’ என்பதோடு நிறுத்தாமல் அகலத்தைப் பாருங்கள். 2020 ஜூலையில் அரசு வெளியிட்ட வடிவமைப்புக் கையேடு, ஒருவழித் தனிப் பாதைக்கு 2 மீட்டர் வேண்டும், இடமில்லாத இடத்தில் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. வரைபடத்தில் 1.2 மீட்டர் என்று இருந்தால், ஏன் என்று எழுதிக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்த இடுக்கில்தான் ஓட்டிப் போகப் போகிறது.

‘சோதனை’ என்று போட்டிருந்தால்

சில தாள்களில் சோதனை உத்தரவு என்று இருக்கும். இதில் வரிசையே தலைகீழ். முதலில் நடைமுறைக்கு வரும், அப்புறம்தான் ஆட்சேபணை. 7 நாள் முன்னறிவிப்பு போதும். உத்தரவு அதிகபட்சம் 18 மாதம் நிற்கும். நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 6 மாதம் எழுதலாம். நடுவில் திருத்தம் செய்தால் அன்றிலிருந்து இன்னொரு 6 மாதம்.

2020-இல் கோவிட் காலத்தில் தெருக்களை அடைத்துப் பூந்தொட்டி வைத்தார்களே, அவற்றில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். ஈலிங்கில் வந்தவற்றில் பல, மக்கள் பெரும்பான்மையாக வேண்டாம் என்றபின் 2021-இல் எடுக்கப்பட்டன. வால்தம்ஸ்டோ வில்லேஜில் அதற்கு முன்பே 2014, 2015-இல் கடும் எதிர்ப்புக்கு நடுவே வந்த அடைப்புகள் இன்றும் நிற்கின்றன. முதல் வாரத்துக் கோபத்தில் எழுதுவதைவிட, இரண்டு மாதம் பஸ் நேரத்தையும் பக்கத்துத் தெரு நெரிசலையும் தேதி போட்டுக் குறித்து வைத்து எழுதினால் கடிதத்துக்குப் பலம் அதிகம். வண்டி எண்ணிக்கைக் கணக்கை கவுன்சிலிடமே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும்.

பதில் வந்த பிறகு

கருத்துக் கேட்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் வகுத்த நான்கு அளவுகோல் உண்டு. 1985-இல் பிரென்ட் கவுன்சில் மீதான ஒரு பள்ளி வழக்கில் வந்தவை, 2014-இல் ஹாரிங்கே வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. முடிவு உருவாகும் நிலையிலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். நான்காவதுதான் உயிர்நாடி. மேற்கு டல்விச்சில் மக்கள் குழு ஒன்று, அடைப்புத் திட்டம் பற்றி 53 பக்க ஆவணம் தயாரித்து லாம்பெத் கவுன்சிலிடம் கொடுத்தது. முடிவெடுக்கும்போது கவுன்சில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

உங்கள் ஆட்சேபணையை மீறி நிரந்தர உத்தரவு போட்டால், 14 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் தெரிவித்து, ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். அதற்காகவே கடிதத்தில் பெயர், முகவரி, தாளில் உள்ள எண் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். நடைமுறையில் தவறு இருப்பதாகத் தெரிந்தால், உத்தரவு போட்ட நாளிலிருந்து 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். செலவு பிடிக்கும் வழி அது, 6 வாரம் தாண்டினால் அந்தக் கதவும் மூடிவிடும். அதற்கு முன்னால், வார்டு கவுன்சிலரிடம் போய் முடிவை மறுபரிசீலனைக்கு அழைக்க முடியுமா என்று கேளுங்கள். பல கவுன்சில்களில் அதற்குக் கிடைப்பது சில வேலை நாட்கள் மட்டுமே. முடிவு வெளியான அன்றே போன் போடுங்கள்.