காலையில் விரல் மடங்கவில்லையா? வயசு என்று விட்டுவிடாதீர்கள்

காலையில் எழுந்ததும் பற்பசைக் குழாயை அமுக்க முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, ஒரு மணி நேரம் போன பிறகுதான் விரல் கொஞ்சம் இளகுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அதை வாயு என்றோ வயசு என்றோ தள்ளிவிடாதீர்கள், அது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) இருக்கலாம். தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும். முடக்குவாதம் அப்படியே நேர்மாறு, ஓய்வில் இறுகி, அசைய அசைய விடும். பெரும்பாலும் விரல் நுனிக் கணுவை விட்டுவிட்டு நடுக்கணு, விரல் கையோடு சேருகிற முட்டி, மணிக்கட்டு என்று இரண்டு கையிலும் வீங்கும். இதற்குப் பார்க்க வேண்டியவர் ரூமட்டாலஜிஸ்ட் என்ற மூட்டுவாத நிபுணர். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு, ஏனென்றால் கோளாறு தொடங்குவது எலும்பில் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தில்.

மூட்டின் உட்புறம் ஒரு சவ்வு இருக்கிறது, சில செல் கனம்தான், மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவம் அதிலிருந்துதான் வருகிறது. நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சில சமயம் சிட்ருலின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறும். அப்படி மாறிய புரதத்தை, மரபணு வாகு உள்ள சிலருடைய உடல் (புகைபிடிப்பவர் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம்) அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கிவிடும். முதல் வலிக்குப் பல வருடம் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம். டாக்டர் எழுதித்தரும் ஆன்டி சிசிபி பரிசோதனை தேடுவது அதைத்தான். அப்புறம் வெள்ளையணுக்கள் சவ்வில் வந்து குவியும், டிஎன்எஃப் போன்ற புரதங்களைச் சுரந்து அழற்சியை மூட்டிவிடும், சவ்வு தடித்துப் படர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். அரித்த இடம் பழையபடி வளராது. அதனால்தான் முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், முடக்குவாதத்தால் படுத்தே கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார், 1950ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் ஸ்டீராய்டை வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். இன்று முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தலைமை தாங்கிய குழு புற்றுநோய்க்காக உருவாக்கிய மருந்து அது. நம் ஊரில் படித்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் மாத்திரை அட்டையிலேயே கிழமையை எழுதிவையுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகள் உண்டு, 1990களில் லண்டனில் மெய்னி, ஃபெல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்துக் காட்டிய வழி. நுரையீரலில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதும் இதே டிஎன்எஃப்தான். அந்தக் கிருமி நம் நாட்டில் ஏராளமானவர்கள் உடம்பில் இருப்பதால், ஊசி போடும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்களே கேளுங்கள்.