கரு வைத்த தேதியைச் சொல்லுங்கள்

சோதனைக்குழாய் முறையில் வெளியே உருவாக்கிய கருவைக் கர்ப்பப்பைக்குள் வைத்துக்கொண்டு முதல் ஸ்கேனுக்கு வருபவர்களிடம் நான் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்பதில்லை. கரு வைத்த தேதி என்ன, வைத்தது ஆய்வகத்தில் மூன்று நாள் வளர்த்த கருவா, ஐந்து நாள் வளர்த்த கருவா என்றுதான் கேட்கிறேன். கர்ப்பத்தின் வயதைக் கருத்தரிப்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எண்ணுவது வழக்கம். அதனால் ஐந்து நாள் கரு என்றால், வைத்த அன்றே கர்ப்பத்தின் வயது 2 வாரம் 5 நாள். அதிலிருந்து 23 நாளில், முதல் ஸ்கேனுக்குரிய ஆறு வாரம் நிறைந்துவிடும். மூன்று நாள் கரு என்றால் 25 நாள்.

உறையவைத்த கருவை வைக்கும்போது இந்தக் கணக்கு மிகவும் முக்கியம். கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிமனாகும்வரை மாத்திரை கொடுத்துக் காத்திருப்போம். சிலருக்கு அது இழுத்துக்கொண்டே போகும். அண்மையில் வந்த ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு தொடங்கி 26 நாள் கழித்துத்தான் ஐந்து நாள் கரு வைக்கப்பட்டிருந்தது. வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது மாதவிலக்குத் தேதியைச் சொல்லியிருக்கிறார். இயந்திரம் 6 வாரம் 5 நாள் என்றது. உண்மையில் 5 வாரம் 5 நாள்தான். நீர்ப்பையும் அதற்குள் சின்ன வளையமாக மஞ்சள்கருப் பையும் மட்டும் தெரிந்தன. அந்த வயதுக்கு அது போதும். ஆனால் அறிக்கையில் ‘கரு காணப்படவில்லை’ என்று இருந்ததால், சுத்தம் செய்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. பத்து நாள் பொறுத்து எடுத்த ஸ்கேனில் துடிப்பு நன்றாகத் தெரிந்தது.

கர்ப்பம் நின்றுவிட்டது என்று ஒரே ஸ்கேனில் சொல்வதற்குக் கறாரான அளவு உண்டு. பிறப்புப் பாதை வழியே எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லாதிருக்க வேண்டும். அல்லது நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லாதிருக்க வேண்டும். இதற்குக் குறைந்த அளவில் சந்தேகம் வந்தால் மறு ஸ்கேன்தான், மாத்திரையோ சுத்தம் செய்வதோ அல்ல. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இயற்கையாகத் தரித்தவர்களிடம் ‘முட்டை தாமதமாக வெடித்திருக்கலாம்’ என்று சொல்ல இடமிருக்கிறது. இங்கே தேதி உறுதியாகத் தெரியும். சரியான கணக்குப்படியும் வளர்ச்சி பின்தங்கியிருந்தால், அதை மழுப்பாமல் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

“உள்ளே விட்டுப் பார்த்தால் கலைந்துவிடாதா, டாக்டர்?” என்று மாமியார்கள் கேட்பதுண்டு. கலையாது, அம்மா. கருவி பிறப்புப் பாதையிலேயே நின்றுவிடும். கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் போகாது. துடிப்புச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கணவர்கள் ஆசைப்படுவார்கள். இந்த வயதில், துடிப்பை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளரைப் போடுவதில்லை. அதன் ஒலியலையின் ஆற்றல் அதிகம் என்பதால், அலைக்கோட்டை மட்டும் திரையில் காட்டி எண்ணுகிறோம். பெரும்பாலோர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் ஸ்கேனில் துடிப்பைவிட முந்திப் பார்க்க வேண்டியது கரு தங்கிய இடத்தை. கர்ப்பப்பைக்குள்தானே வைத்தார்கள், கருக்குழாய்க்கு எப்படிப் போகும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். போகும். 1978-இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறப்பதற்கு முன்பு, அந்த முறையை உருவாக்கிய ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் 1976-இல் பதிவுசெய்த சோதனைக்குழாய்க் கர்ப்பமே கருக்குழாயில்தான் தங்கியது. இரண்டு கரு வைத்தவர்களுக்கு ஒன்று உள்ளேயும் ஒன்று குழாயிலும் தங்குவதும் உண்டு. இயற்கைக் கர்ப்பத்தில் இது மிக அரிது. சிகிச்சைக்குப் பிறகு அவ்வளவு அரிதல்ல. அதனால் உள்ளே துடிப்பைப் பார்த்த மகிழ்ச்சியில் ஸ்கேனை முடித்துவிடாமல், இரண்டு பக்கமும் சினைப்பைகளையும் குழாய்ப் பகுதியையும் பார்த்தாக வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்று எது வந்தாலும் ஆறு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது நள்ளிரவாக இருந்தாலும் சிகிச்சைக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.