பூனை ஏன் ஓயாமல் நக்குகிறது?

ஒவ்வாமையால் நாய்க்கு அரித்தால் வீட்டுக்கே தெரியும். பின்காலைத் தூக்கிப் பரபரவென்று சொறியும். பூனையோ பெரும்பாலும் அரிக்கிற இடத்தை நக்கும், மெல்லப் பல்லால் கடிக்கும். பூனை நக்குவது வழக்கம்தானே என்று யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வயிற்றிலும் உள்தொடையிலும் முடி போய்த் தோல் தெரிந்த பிறகுதான் கேள்வி வரும். அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். கட்டைமுடி விரலில் தட்டினால், முடி தானாக உதிரவில்லை, பூனைதான் தன் முள்நாக்கால் அறுத்திருக்கிறது. முதுகிலும் வாலடியிலும் கேழ்வரகு மணி போன்ற பொருக்குகள், மேலுதட்டில் புண், காதோரம் சொறிந்த காயம் ஆகியவையும் ஒவ்வாமையின் அடையாளங்களே. படர்தாமரையும் சொறிப்பூச்சியும் இதே மாதிரி தெரியும் என்பதால் அவை இல்லை என்று மருத்துவர் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

ஒவ்வாமை முதல் தடவையிலேயே வருவதில்லை. தீங்கில்லாத ஒரு புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் எதிரியாக நினைத்து, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அதே புரதம் மறுபடி வந்து அதில் படும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், சிவப்பு எல்லாம் அப்போதுதான். அதனால் "ரெண்டு வருஷமா இதைத்தானே சாப்பிடுது" என்று சொல்லி ஒரு பொருளை விலக்கிவிட முடியாது.

உலகம் முழுக்கப் பூனைகளுக்கு வரும் தோல் ஒவ்வாமையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தெள்ளுப்பூச்சியின் எச்சில். ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும், நாள்கணக்கில் அரிக்கும். அது நக்கி நக்கித் தெள்ளுப்பூச்சிகளை விழுங்கிவிடுவதால் உடம்பில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். சீப்பால் வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத்துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. அதில் இருப்பது பூனையின் ரத்தம்.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டைகள் முடியில் ஒட்டாமல் பூனை படுக்கிற இடத்தில் உதிரும். புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து பாயடி, சாக்கு மடிப்பு, மரத்தூணின் அடிப்பிளவு என்று ஒதுங்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் பளபளவென்று இருக்கலாம். புழு இருப்பது அதன் ஓரத்துத் தூசியில். அப்புறம் கூட்டுப்புழு. அது மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் உடற்சூடும் பட்டால் பூச்சியாக வெளியே வரும். பூட்டியே கிடந்த பெரிய வீட்டைக் கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ திறந்ததும் எல்லார் காலிலும் கடி விழக் காரணம் இதுதான்.

ஆகவே பூனைக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. வீட்டில் உள்ள எல்லாப் பூனை, நாய்க்கும் மருத்துவர் சொன்ன மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து போட வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மூலைமுடுக்குத் தூசியை எடுத்து வெளியே கொட்டுங்கள். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் தடவவே கூடாது. அதைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. வலிப்பு வந்து இறந்துவிடலாம். பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரையே உயிரை எடுக்கலாம். மண்ணெண்ணெயோ கற்பூர எண்ணெயோ தடவினால் பூனை அதை நக்கி விழுங்கும்.

பூச்சியை ஒழித்தும் அரிப்பு நிற்கவில்லையா? சரி, இப்போது உணவைச் சந்தேகிக்கலாம். பலர் இதை முதலிலேயே செய்து, மீனை நிறுத்திக் கோழிக்கு மாறி, பத்து நாளில் கைவிடுகிறார்கள். அது சோதனையே ஆகாது. மீன், கோழி, மாட்டிறைச்சி மூன்றுமே அடிக்கடி ஒவ்வாமை தருபவை. பூனை இதுவரை தொடாத இறைச்சியையோ, புரதத்தை நுண்ணியதாக உடைத்த மருத்துவ உணவையோ மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுக்க வேண்டும். பிறகு பழைய உணவைக் கொடுத்து அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் உறுதியாகும். உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. ஒரே வளவில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அடுப்பு எரிகிற வீட்டில் இது உண்மையிலேயே கடினம். ஓர் ஆச்சி இரக்கப்பட்டு வைக்கும் ஒரு கை மீன்சோறு அத்தனை வார உழைப்பையும் கெடுத்துவிடும். குழம்புச் சோற்றில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பால் குடித்து வயிறு போவது வேறு விஷயம். பாலின் சர்க்கரை செரிக்காததால் வருவது.

இரண்டும் இல்லையென்றால் தூசுப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றை முழுக்க விலக்க முடியாது. ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளால் கட்டுக்குள் வைக்கலாம். ஸ்டீராய்டு நீண்டநாள் போனால் சர்க்கரை நோய் வரக்கூடும், மருத்துவரைக் கேட்டே அளவைக் குறைக்க வேண்டும். இதே ஒவ்வாமை மூச்சுக்குழாயில் வந்தால் ஆஸ்துமா. பூனை தரையோடு குனிந்து, கழுத்தை நீட்டி இருமும்; முடியுருண்டையைக் கக்குகிறது என்று நினைத்துவிடுவோம். அந்த இருமலை மொபைலில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி இரண்டையும் அந்த அறையில் நிறுத்துங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.