ஈரம் உறிஞ்சும் மெஷினில் ஐஸ் கட்டினால்

ஆனி பிறந்து சாரல் இறங்கிவிட்டால் செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் துணி காயாது, உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். எங்கள் வீடு சரிவில் கட்டியது. பாதி மண்ணுக்குள் இருக்கும் கீழறையில் பத்தமடைப் பாய்களை வைத்திருக்கிறோம். கல்யாணப் பாய் ஒன்றில் பூசணம் பூத்த பிறகுதான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கினேன்.

போன ஆடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே குழாய்ச் சுருள் முழுக்க வெள்ளையாக ஐஸ்.

உள்ளே நடப்பது ஃப்ரிட்ஜ் வேலைதான். கம்ப்ரசர் ஒரு சுருளைக் குளிரவைக்கும். ஃபேன் இழுக்கும் காற்று அதில் பட்டதும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல் ஈரம் துளியாகி வடியும். அப்புறம் அந்தக் காற்று சூடான இன்னொரு சுருள் வழியாக வெளியே வரும். அறை லேசாகச் சூடாவது அதனால்தான். அது கோளாறு இல்லை.

குளிர்ச் சுருள் எப்போதும் அறையைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். அறை சுமார் 18 டிகிரிக்குக் கீழே போனால் சுருள் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கி, துளி வடியாமல் உறைந்துவிடும். ஐஸ் காற்றை மறிக்கும். காற்று குறையக் குறைய ஐஸ் இன்னும் ஏறும். குளிர்நாட்டு நிலவறைகளில் இதுதான் வாடிக்கையான தொல்லை.

ஆனால் எங்கள் அறையில் 24 டிகிரி. நம் ஊரில் ஐஸ் கட்டினால் குளிரைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள். எங்களுடையதில் கோரைத் தூசியும் சுண்ணாம்புத் தூளும் கம்பளிபோல் அப்பியிருந்தன. போதிய காற்று வராததால் சுருளுக்குச் சேரவேண்டிய வெப்பம் சேரவில்லை. மெஷினை நிறுத்தி ஐஸைத் தானாக உருகவிட்டேன். ஸ்க்ரூட்ரைவரால் குத்தவே கூடாது, குழாயில் ஓட்டை விழும். ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டினேன். மறுநாள் காலையில் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

ஐஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சுருள் முழுக்கப் பரவியிருந்தால் காற்றோட்டக் குறைவு, அல்லது அறைக் குளிர். ஒரு மூலையில் மட்டும் படிந்து மற்ற இடம் காய்ந்திருந்தால் பெரும்பாலும் சுருளுக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும், அதற்கு மெக்கானிக்தான்.

ஜன்னலைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன். சாரல் காலத்தில் நடப்பது நேர்மாறு. 25 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். சாரல்காற்று கிட்டத்தட்ட அந்த அளவைச் சுமந்தே வருகிறது. அது உள்ளே நுழைந்து மண்ணோடு ஒட்டிய குளிர்ந்த சுவரில் பட்டால் அங்கேயே வேர்க்கும். இப்போது மெஷின் ஓடும்போது ஜன்னலை அடைத்துவிடுகிறேன். பாய்களைச் சுவரில் சாய்க்காமல் ஒரு முழம் தள்ளி, பலகைமேல் நிறுத்தியிருக்கிறேன்.