புது சுவிட்ச் மாட்டியதும் நெட்வொர்க் ஏன் தவழ்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு கிகாபிட் சுவிட்ச் மாட்டினேன். சர்வருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) உடனே போகிறது, ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் அதிலிருந்து பெரிய ஃபைலை எடுத்தால் நொடிக்குச் சில நூறு கிலோபைட்தான், அதுவும் விட்டுவிட்டு. சுவிட்ச் கோளாறா?”

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் அந்தப் பெட்டியை, சுவிட்சை, அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எளிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 11 மெகாபைட் அளவில் சீராக நின்றுவிட்டால், இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று பொருள். கிகாபிட்டுக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். கம்பி ஒன்று விட்டுப்போன கேபிள் பழைய சுவிட்சில் குறையே தெரியாமல் ஓடியிருக்கும். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

வாசகரின் சிக்கல் அதுவல்ல. பிங் நலம், பெரிய ஃபைல் படுமோசம் என்ற சேர்க்கையைப் பார்த்தாலே எனக்கு முதலில் தோன்றுவது டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை: கேபிளின் ஒரு முனை ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்ய (ஃபுல் டூப்ளெக்ஸ்), மறுமுனை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்வது (ஹாஃப் டூப்ளெக்ஸ்).

கேபிளைச் செருகியதும், தரவு எதுவும் போகும் முன்பே, இரு முனைகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒரு முறை ஒரு கொத்துத் துடிப்புகளை அனுப்பும். ஒரு துடிப்பின் நீளம் 100 நானோநொடி. கொத்தில் 33 இடங்கள். அவற்றில் 17 தாளம் போடுபவை. அவற்றில் துடிப்பு எப்போதும் இருக்கும். இடையிலுள்ள 16 இடங்களில் துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த 16 பிட்டுக்குள், “எனக்கு 10 வரும், 100 வரும், ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வரும்” என்ற தகவல் அடங்கிவிடுகிறது.

இதில் என்னை மயக்குவது இன்னொன்று. பழைய 10 மெகாபிட் கருவிகள், “உயிரோடிருக்கிறேன்” என்று சொல்ல 16 மில்லிநொடிக்கு ஒற்றைத் துடிப்பு அனுப்பிவந்தன. 1995-இல் வந்த புதிய தரநிலை அந்த ஒற்றைத் துடிப்பு இருந்த இடத்தில்தான் கொத்தை வைத்தது. பழைய கருவிக்கு முழுக் கொத்தும் ஒரே துடிப்பாகத்தான் தெரியும், குழப்பமே இல்லை. பழையதை உடைக்காமல் புதியதை நுழைத்த அந்த வடிவமைப்பாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சர்வரின் நெட்வொர்க் கார்டில் யாரோ “100, ஃபுல் டூப்ளெக்ஸ்” என்று கையால் பூட்டிவைத்திருந்தால், பல கார்டுகள் இந்தத் துடிப்புகளையே அனுப்பாது. பழைய சுவிட்சிலும் அப்படியே பூட்டியிருந்ததால் இதுவரை சிக்கலில்லை. புது சுவிட்ச் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்கிறது, பதில் வரவில்லை. சிக்னலின் வடிவத்தைப் பார்த்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது ஹாஃப் டூப்ளெக்ஸாகவே இருக்க வேண்டும் என்பது விதி. துடிப்புக் கொத்து அனுப்பத் தெரியாத பழைய ஹப்களை (சுவிட்சுக்கு முன்பிருந்த எளிய இணைப்புப் பெட்டிகளை) எண்ணி வைத்த விதி அது.

ஹாஃப் டூப்ளெக்ஸின் ஒழுங்கு, 1973-இல் பொறியாளர் ராபர்ட் மெட்காஃப் இந்தக் கேபிள் நெட்வொர்க் முறையான ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கிய காலத்துச் சிந்தனை: எல்லோருக்கும் பொதுவாக ஒரே கம்பி, எனவே பேசும் முன் கவனி, பேசும்போது இன்னொரு குரல் கேட்டால் மோதல், உடனே நிறுத்திச் சற்றுப் பொறுத்துப் பேசு. சுவிட்ச் இதைக் கடைப்பிடிக்கிறது. சர்வரோ நினைத்த நேரத்தில் அனுப்புகிறது. பிங்கில் கேள்வி போன பிறகே பதில் வருவதால் குறுக்கீடு இல்லை. ஃபைல் வரும்போது ஒரு பக்கம் தரவு, மறுபக்கம் அதற்கான ஒப்புதல்கள். சுவிட்ச் ஒப்புதலை அனுப்பும் நேரத்தில் சர்வரின் ஃபிரேம் (ஒரு துண்டுத் தரவு) வந்தால் மோதல் என்று முடிவுகட்டி பாதியில் நிறுத்திவிடும். வந்த ஃபிரேமும் தொலையும். சர்வருக்கு இது தெரியாது. தரவு முழுதாகச் சேர்கிறதா என்று கவனிக்கும் டிசிபி விதிமுறை தாமதமாக இழப்பை உணர்ந்து, நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கிறது. மறுபடி மோதல், மறுபடி குறைப்பு.

சாட்சி, பிழைகளை எண்ணிவைக்கும் கவுன்டர்களில் இருக்கிறது. சர்வர் பக்கம் சிஆர்சி பிழைகள் (சிதைந்து வந்த ஃபிரேம்கள்) ஏறும். சர்வருக்குப் பெரிய ஃபைலை எழுதிப் பார்த்தால் சுவிட்ச் பக்கம் ‘லேட் கொலிஷன்’ (தாமதமான மோதல்) ஏறும். ஒழுங்கான நெட்வொர்க்கில் மோதல் முதல் 64 பைட்டுக்குள் தெரிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் மோதல் வருகிறதென்றால் மறுமுனை விதியை மதிக்கவில்லை.

வேகத்தைக் கையால் பூட்டுவதே பாதுகாப்பு என்று இன்றும் அனுபவசாலிகள் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொடக்ககாலச் சிப்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசாதபோது அதில் நியாயம் இருந்தது. காரணம் போனபின்பும் சடங்கு மட்டும் தொடர்ந்தால் அதற்கு மூடநம்பிக்கை என்றுதான் பெயர், செய்பவர் பொறியாளரே ஆனாலும். செப்புக் கம்பி கிகாபிட்டில் தானியங்கிப் பேச்சுவார்த்தை கட்டாயம்.

சர்வர் கார்டை ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். லினக்ஸ் என்றால் ஈத்டூல் கட்டளை இப்போதைய நிலையைக் காட்டும். 1000, ஃபுல் என்று வர வேண்டும். கார்டும் கிகாபிட்டாக இருந்து, 100 என்றே வந்தால், முதலில் சொன்ன கேபிளை எடுத்துப் பாருங்கள்.