ஈதர் பிரித்துக் காட்டிய மூன்று அலைகள்

கண்ணில் வெளிச்சம் பட்டதும் விழித்திரை ஒரு மின் அலையை எழுப்புகிறது. 1865-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் தவளைக் கண்ணை வைத்து ஹோல்ம்கிரென் இதைக் கண்டறிந்தார். 1908-ல் ஐந்தோவனும் ஜாலியும் அதன் பகுதிகளுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டார்கள். முதலில் கீழ்நோக்கிய சரிவு, அடுத்து உயர்ந்த முகடு, கடைசியில் மெதுவாக எழும் மேடு. பெயர் வைத்தாயிற்று, எந்த அலை எந்தச் செல்லிலிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் ராக்னர் கிரானிட். 1900-ல் பின்லாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் நரம்பியல் அறிஞர் செரிங்டனிடம் பயின்றவர்.

1933-ல் வெளியான அவரது சோதனை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. பூனைக்கு ஈதர் கொடுத்து, மயக்கத்தைப் படிப்படியாக ஆழமாக்கிக்கொண்டே விழித்திரை அலையைப் பதிவு செய்தார். முதலில் மெதுவான மேடு மறைந்தது. பிறகு உயர்ந்த முகடு மறைந்தது. கீழ்நோக்கிய சரிவு மட்டும் மிஞ்சியது. மறைந்த வரிசையிலேயே இவற்றை பி-1, பி-2, பி-3 என்றார் (இந்த பி ஆங்கில P, பி அலையின் B அல்ல). படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: இந்த எண்கள் தோன்றும் வரிசையைக் குறிப்பவை அல்ல. கடைசியில் மறையும் பி-3தான் முதலில் தொடங்குகிறது. அது சரிந்துகொண்டிருக்கும்போதே பி-2 எழுந்து அதை மேலே இழுத்துவிடுகிறது. ஆகவே ஏ அலை என்று நாம் அளப்பது பி-3-இன் தொடக்கப் பகுதி மட்டுமே.

இன்றைய விளக்கம் இது. இருட்டில் விழித்திரையின் ஒளி ஏற்பிகளான கோல் செல்களும் கூம்பு செல்களும் குளுட்டமேட் என்ற வேதிச் செய்திப் பொருளை விடாமல் சுரக்கின்றன. ஒளி பட்டதும் அவற்றின் மின்னோட்டம் குறைகிறது. அதுவே ஏ அலை. சுரப்பு குறைந்தவுடன் அடுத்த அடுக்கிலுள்ள இருமுனை செல்களில் ஒரு வகை விழித்தெழுகிறது. பி அலை பெரும்பாலும் அவற்றின் வேலை. சி அலைக்கு முக்கியக் காரணம் விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிப் படலம். 1961-ல் பிரவுனும் வீசலும் பூனையின் விழித்திரைக்குள்ளேயே நுண்மின்முனையைச் செலுத்தி அளந்தபோது, ஏ அலை ஒளி ஏற்பிகளிடமிருந்தே வருகிறது என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைத்தது.

கிரானிட் 1940-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்துக்கு வந்தார். அதே நகரில் 1945-ல் கார்பே காண்டாக்ட் லென்ஸ் மின்முனையைக் கொண்டு இதை நோயாளிகளுக்கான பரிசோதனையாக்கினார். அதுதான் ஈ.ஆர்.ஜி., அதாவது எலக்ட்ரோரெட்டினோகிராம்.

இப்போது இதைச் செய்யும் முறை: சொட்டு மருந்தால் பாவையை விரித்து, நோயாளியை 20 நிமிடம் முழு இருட்டில் வைக்க வேண்டும். மங்கிய சிவப்பு விளக்கில் லென்ஸையோ மெல்லிய இழையையோ கண்ணில் பொருத்தி, கண்ணின் வெளி ஓரத்துக்கு அருகே இன்னொரு மின்முனையை ஒட்டுவார்கள். தோலில் ஒட்டுவதன் மின்தடை 5 கிலோ ஓமுக்கு மேல் போகக்கூடாது. போனால் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் அலையை மூடிவிடும். லென்ஸுக்கு அடியில் காற்றுக்குமிழி சிக்கினாலும், கண்ணைச் சிமிட்டினாலும் பதிவு கெடும். சற்று முன்புதான் விழித்திரையைப் படம் எடுத்திருந்தால் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

மங்கலான ஒளியில்தான் தொடங்க வேண்டும். 0.01 அளவு (அலகு cd·s/m²) ஒளி மின்னலுக்குக் கோல் செல் வழி மட்டும் பதில் தரும். இரண்டு மின்னல்களுக்கு இடையே 2 விநாடி போதும். அளவை 3-க்கு உயர்த்தினால் இடைவெளி 10 விநாடி, ஏனென்றால் கோல் செல்கள் மீள நேரம் வேண்டும். பிறகு 10 நிமிடம் வெளிச்சத்துக்குப் பழக்கி, விநாடிக்கு 30 முறை மின்ன வைப்பார்கள். அந்த வேகத்துக்குக் கோல் செல்களால் ஈடுகொடுக்க முடியாது. எனவே கிடைப்பது கூம்பு செல் வழியின் பதில்.

பிரித்தறிந்ததன் பலன் நோயைக் கண்டுபிடிப்பதில் தெரிகிறது. ஏ, பி இரண்டும் படுத்துவிட்டால் ஒளி ஏற்பிகளே பழுது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயில் இப்படி ஆகும். ஏ நன்றாக இருந்து பி மட்டும் சுருங்கினால் கோளாறு அடுத்த அடுக்கில். விழித்திரையின் மையத் தமனி அடைபட்டால் இதைக் காணலாம்: உள் அடுக்குகளுக்கு ரத்தம் தருவது அந்தத் தமனி, ஒளி ஏற்பிகளுக்கோ பின்னாலுள்ள கோராய்டு என்ற ரத்தநாளப் படலம்.

1967-ல் ஹார்ட்லைன், வால்ட் ஆகியோருடன் கிரானிட் நோபல் பரிசு பெற்றார். அவர் பிரித்த அலைகளுக்கு ஓர் எல்லை உண்டு. விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா கெட்டு எழுத்தே படிக்க முடியாதவருக்கும் இந்தச் சோதனை இயல்பாக வரலாம். ஏனென்றால் இது முழு விழித்திரையின் கூட்டுப் பதில், கூம்பு செல்களில் மிகப் பெரும்பாலானவை மாக்குலாவுக்கு வெளியேதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட நோயாளிக்கு, விழித்திரையைச் சிறு சிறு பகுதிகளாகத் தூண்டி அளக்கும் மல்டிஃபோகல் ஈ.ஆர்.ஜி. எடுக்க வேண்டும்.