காட்டவரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து விதைக்கடையில் மாட்டுத் தீவனத்துக்கென்று விற்கும் 'டோலிகோஸ்' வேறொன்றுமில்லை, நம் மொச்சைதான். பையில் நிற்பது பழைய பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதை 'டோலிகோஸ் லேப்லேப்' என்றார். 1763இல் 'டோலிகோஸ் புர்ப்யூரியஸ்' என்று இன்னொரு பெயரும் வைத்தார். பிறகு லேப்லேப் தனிப் பேரினமாயிற்று. பேரினப் பெயரான முதற்சொல்லையே இனத்துக்கும் இரண்டாம் சொல்லாக வைக்கத் தாவரவியலில் அனுமதியில்லை. ஆகவே 'லேப்லேப் லேப்லேப்' கூடாதென்று, ஊதா எனப் பொருள்படும் புர்ப்யூரியஸைச் சேர்த்து 'லேப்லேப் புர்ப்யூரியஸ்' நிலைத்தது. வெள்ளைப் பூ பூக்கும் கொடிக்கும் இதே பெயர்தான், என்ன செய்ய! லேப்லேப் என்பது அரபுச் சொல்.

காய்க்காக வளர்த்தால் அவரை, கொட்டைக்காக வளர்த்தால் மொச்சை என்று நாம் பிரித்தாலும் இனம் ஒன்றே. கன்னடத்தில் அவரெ, மலையாளத்தில் அமர; சொல் திராவிடத்துக்கே உரியது. செடியோ ஆப்பிரிக்காவினுடையது. கர்நாடகத்தின் புதிய கற்கால ஊர்களில் இதன் விதை கிடைத்திருக்கிறது. ஆனால் காட்டு வகை இயற்கையாக வளர்வது எத்தியோப்பியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தெற்கே டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் வரை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நம்மவர் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்கியபோது, அவரையின் மூதாதை இந்த மண்ணின் புதர்களில் முன்பே படர்ந்திருந்தது.

அந்தக் காட்டு வகையைத் தாவரவியலாளர் வெர்ட்கோர்ட் 1970இல் 'அன்சினேட்டஸ்' என்னும் துணையினமாகப் பிரித்தார். லத்தீனில் கொக்கிபோல் வளைந்தது என்று பொருள். காய் நாலு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை அகலம். தோட்டத்து அவரை பத்து சென்டிமீட்டருக்குப் போகும். மலைபடுகடாம் 'குளிர்புரை கொடுங்காய் கொண்டன அவரை' என்கிறது. குளிர் என்றால் அரிவாள், கொடுங்காய் வளைந்த காய். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது தமிழில் அன்சினேட்டஸை அப்படியே எழுதுவானேன்? பொதுவாகக் காட்டவரை போதும்; துணையினத்தைக் குறித்தே ஆகவேண்டுமென்றால் 'கொடுங்காய் அவரை' எனலாம்.

நட்டால் கடற்கரை மணலில் ரோஜா நிறப் பூவோடு ஓடும் கொடியைக் காட்டவரை என்று எழுதிவிடக் கூடாது. அது கனவாலியா, வாளவரைக்கு உறவு. அதன் காயில் மேல் விளிம்பை ஒட்டி வரம்புகள் புடைத்திருக்கும். அவரை விதையில் ஓரத்தை ஒட்டி எடுப்பான வெள்ளைக் கோடு ஓடும்.